இருபது வருடக் கொரோலாவின் கியர் ஒயிலும் பில்டரும்: ஒரு நிகழ்வு ஆய்வு

யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தம்முடைய டொயோட்டா கொரோலாவை, 121 என்று அழைக்கப்படும் மாதிரியை, எங்கள் கராஜுக்குக் கொண்டுவந்தபோது காரை நிறுத்தும் முன்பே கேட்ட கேள்வி இது: "தம்பி, மறைக்காமல் சொல்லுங்கள். இந்தக் கியர் பெட்டி முடிந்துவிட்டதா?"

2004ஆம் ஆண்டுத் தயாரிப்பு. நான்கு வேக ஓட்டோ கியர். மீற்றரில் 187,412 கிலோமீற்றர். ஜப்பானில் ஓடிய பின் இங்கு வந்த கார் என்பதால் அந்த எண்ணை முழுதாக நம்ப முடியாது. ரீச்சரின் கைக்கு வந்து பன்னிரண்டு வருடங்கள். இன்ஜின் ஒயிலைத் தவறாமல் மாற்றியிருக்கிறார். கியர் ஒயிலை ஒரு தடவைகூட மாற்றவில்லை. யாரும் அவரிடம் மாற்றச் சொல்லவுமில்லை.

எங்களிடம் வருவதற்கு முன் அவர் இரண்டு இடங்களில் கேட்டிருந்தார். ஓரிடத்தில், "பழைய கியர் பெட்டியில் கை வைக்கக்கூடாது. ஒயிலை மாற்றினால் மறுநாளே கார் நகராது" என்றார்கள். இன்னோரிடத்தில், மெஷின் பூட்டி முழு ஒயிலையும் ஒரே தடவையில் அழுத்தி வெளியேற்றிவிடலாம், அரை மணி நேர வேலை என்றார்கள். இரண்டு அறிவுரையும் ஒன்றுக்கொன்று நேர் எதிர். ரீச்சர் இரண்டு மாதம் எதையும் செய்யாமல் ஓட்டியிருக்கிறார். அந்த இரண்டு மாதத்தில் கோளாறு கூடியிருக்கிறது.

இலங்கையில் ஒரு பழைய காரின் கியர் பெட்டி எவ்வளவு பெரிய விடயம் என்பதை வெளியில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட ஐந்து வருடங்களில், பத்து வருடம் ஓடிய கார் புதுக் காரின் விலைக்குப் போனது. ஓய்வூதியத்தில் வாழும் ஒருவருக்கு இன்னொரு கார் என்பது கனவு. இருப்பதைக் காப்பாற்றுவது ஒன்றுதான் வழி. ஆகவே அவருடைய கேள்விக்கு ஊகமாகப் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அளந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தேன்.

கோளாறு இரண்டு வகையாக இருந்தது. காலையில் முதன்முதலாக முன்னோக்கி ஓட்டும் 'டி'யில் போட்டால் கார் உடனே பிடிக்காது. ஒரு கணம் சும்மா நிற்கும், பிறகு "தொம்" என்று ஓர் அதிர்வு, அதன் பின்னர்தான் நகரும். மற்றது, கிளிநொச்சிப் பக்கம் ஏ9 வீதியில் நீண்ட தூரம் ஓடிச் சூடேறிய பிறகு, இரண்டிலிருந்து மூன்றாம் கியருக்கு மாறும்போது இன்ஜின் சுழற்சி ஒரு நொடி வீணாக ஏறி இறங்கியது. காதில் கேட்கும், காலிலும் தெரியும்.

முதலில் கியர் பெட்டிக்கு வெளியே உள்ளவற்றைப் பார்த்தேன். இன்ஜினைத் தாங்கும் ரப்பர்கள் கிழிந்திருந்தாலும் கியர் போடும்போது இடிக்கும். வெறும் ஓட்டத்தில் சுழற்சி அதிகமாக இருந்தாலும் இடிக்கும். இரண்டும் சரியாகவே இருந்தன. கணினியைப் பூட்டிப் பார்த்ததில் பிழைக் குறியீடு எதுவும் இல்லை.

பிறகு அளவுக் கம்பி. இந்தக் கியர் பெட்டியில், அதாவது டொயோட்டாவின் யூ340ஈ வகையில், ஒயில் அளவைப் பார்ப்பதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. சமதரையில் நிறுத்த வேண்டும். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். கியர் கோலை நிறுத்தி வைக்கும் 'பி'யிலிருந்து கடைசி வரை ஒவ்வொன்றாக நகர்த்தி மீண்டும் 'பி'க்குக் கொண்டுவர வேண்டும். ஒயில் 70 முதல் 80 பாகை செல்சியஸ் சூட்டில் இருக்கும்போதுதான் கம்பியில் உள்ள 'ஹொட்' கோட்டைப் பார்க்க வேண்டும். இன்ஜின் ஒயிலைப் பார்ப்பதுபோல நிறுத்திவிட்டுப் பார்த்தால் தவறான அளவு காட்டும். கியர் பெட்டியின் அடியில் ஒயில் தங்கும் தட்டைப் பான் என்போம். அந்தப் பானின் அடியில் வெப்பமானியைக் காட்டி 75 பாகை வந்ததும் கம்பியை இழுத்தேன். 'ஹொட்' பகுதியின் கீழ்க்கோட்டுக்கும் நன்றாகக் கீழே நின்றது ஒயில். வெள்ளைக் காகிதத்தில் ஒரு துளி விட்டேன். புதிய ஒயில் மாதுளம்பழச் சாறுபோலச் சிவந்திருக்கும். இது கடும் சாயத் தேநீரின் நிறம். மூக்கருகே கொண்டுபோனேன். பழைய நெடி இருந்தது, ஆனால் கருகிய வாடை இல்லை. அந்த ஒன்று எனக்கு நம்பிக்கை தந்தது. கியர்களைப் பிடித்து விடுவிக்கும் கிளச் தட்டுகள் எரிந்திருந்தால் அந்த வாடையை மறைக்கவே முடியாது. நிறம் மட்டும் மாறியிருப்பதைக் கொண்டு எதையும் தீர்மானிக்கக்கூடாது. சிவப்பு என்பது ஒயிலில் கலந்த சாயம், அது நாளடைவில் மங்கும்.

குறைந்த ஒயில் எங்கே போனது? கியர் பெட்டி ஒயிலை எரிக்காது. குறைந்தால் கசிகிறது என்றுதான் பொருள். றேடியேற்றரின் அடித்தொட்டிக்குள் போய்க் குளிர்ந்து வரும் ஒயிலுக்கு இரண்டு ரப்பர்க் குழாய்கள் உண்டு. அவற்றில் ஒன்றின் கிளிப் தளர்ந்து, சுற்றிவரத் தூசியும் ஒயிலும் சேர்ந்து களிபோல அப்பியிருந்தது. நிலத்தில் சொட்டும் அளவுக்குக் கசியாததால் ரீச்சர் கவனித்திருக்க முடியாது. றேடியேற்றர் மூடியையும் திறந்து பார்த்தேன். உள்ளே தண்ணீரும் ஒயிலும் கலந்தால் இளஞ்சிவப்புப் பாலைப்போல ஆகிவிடும். அப்படியானால் கியர் பெட்டியைக் கழற்றுவதைத் தவிர வேறு வழி அரிது. நல்லவேளை, தண்ணீர் தெளிவாக இருந்தது.

அடுத்து நேர அளவீடு. 'என்' என்ற நியூற்றலிலிருந்து 'டி'க்குப் போட்டதிலிருந்து பிடிக்கும் அதிர்வை உணரும் வரை 1.2 செக்கனுக்குக் குறைவாகவும், பின்னோக்கி ஓட்டும் 'ஆர்'க்குப் போட்டால் 1.5 செக்கனுக்குக் குறைவாகவும் இருக்க வேண்டும் என்பது டொயோட்டாவின் பழுதுபார்ப்புக் கையேட்டு அளவு. ஒவ்வொன்றையும் மூன்று தடவை, இடையில் ஒரு நிமிடம் விட்டு அளந்து சராசரி எடுத்தேன். 'டி'க்கு 1.9. 'ஆர்'க்கு 2.1. இந்தச் சோதனைக்கு ஒரு கைக்கடிகாரம் போதும். ஆனால் எங்கள் பக்கத்தில் இதைச் செய்பவர்கள் மிகக் குறைவு என்பது எனக்கு நெடுநாள் மனவருத்தம். அளவே எடுக்காமல் "பெட்டி போய்விட்டது" என்று சொல்லி மாற்றிய கியர் பெட்டிகள் எத்தனையோ.

இந்த இடத்தில் நேராகப் பானைக் கழற்றியிருக்கலாம். ஆனால் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றினால் எது நோய், எது மருந்து என்று தெரியாமல் போகும். கிளிப்பை மாற்றி, குறைந்திருந்த ஒயிலை மட்டும் சரியான கோடு வரை ஊற்றினேன். 600 மில்லிலீற்றர் பிடித்தது. மறுபடி அளந்தேன். 'டி' 1.5, 'ஆர்' 1.7. குறைந்த அளவுதான் கோளாறின் ஒரு பகுதி என்பது உறுதியானது. மிச்சம் உள்ளே இருந்தது.

ரீச்சரை உட்காரவைத்து விளக்கினேன். இனிப் பானைக் கழற்றிப் பார்க்கப் போகிறேன். உள்ளே இரும்புத் துகளைப் பிடிக்க வைத்திருக்கும் காந்தத்தில் நுண்ணிய தூள் இருந்தால் புது பில்டரும் ஒயிலும் போடுவேன். உலோகச் சீவல் இருந்தால் பூட்டிக் கொடுத்துவிடுவேன், புது ஒயிலுக்குச் செலவழிக்கச் சொல்ல மாட்டேன். அவர் கேட்டார்: "மாற்றினால் மறுநாள் நகராது என்றார்களே?"

அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லத்தான் இந்த நிகழ்வை எழுதவே நினைத்தேன். ஓட்டோ கியரில் ஒயிலுக்குப் பல வேலை. அழுத்தத்தைக் கடத்திக் கியரை மாற்றுவதும் அதுவே, சூட்டை ஏந்திக்கொண்டு போவதும் அதுவே. கிளச் தட்டுகள் வழுக்காமலும் முரட்டுத்தனமாக இடிக்காமலும் பிடிப்பதற்கான உராய்வைத் தருவதும் அதில் கலந்துள்ள மருந்துகள்தான். சூட்டில் அந்த மருந்துகள் மெல்ல மெல்லச் செத்துப்போகின்றன. பெரும்பாலானவர்கள் நல்ல நாளில் ஒயிலை நினைப்பதில்லை. கியர் வழுக்கத் தொடங்கி, கிளச் தட்டின் உறை தேய்ந்துபோன பிறகுதான் "ஒயிலை மாற்றிப் பார்ப்போம்" என்று வருகிறார்கள். தேய்ந்த தட்டை எந்த ஒயிலும் வளர்க்காது. பெட்டி அடுத்த வாரம் நிற்கும். பழி ஒயிலின் மேல் விழும். உயிர் பிரியும் நேரத்தில் வாயில் ஊற்றிய பாலால்தான் ஆள் போனார் என்று சொல்வதைப் போன்றது இது.

ஆனால் பயத்தில் ஓர் உண்மையும் இருக்கிறது, அதை ஒதுக்க மாட்டேன். பல வருட அழுக்குப் படிந்த பெட்டியில் மெஷினால் அழுத்தி ஓட்டினால், ஓரங்களில் அடங்கிக் கிடந்த படிவு கிளம்பி, மயிரிழை இடைவெளியில் ஓடும் வால்வுகளிலும், மின்சாரத்தால் இயங்கும் சோலனாய்டு வால்வுகளிலும் போய்ச் சிக்கலாம். பானைக் கழற்றாமல், பில்டரைப் பார்க்காமல் செய்யும் மெஷின் வேலை, வீட்டைக் கூட்டாமல் தண்ணீர் ஊற்றிக் கழுவுவதற்குச் சமம். ஆகவே வயதான பெட்டிக்கு என் முறை ஒன்றுதான்: பானைக் கழற்று, பில்டரை மாற்று, வடிந்த அளவுக்குப் புது ஒயில் ஊற்று, ஓடவிடு, பிறகு மறுபடி வடி. ரீச்சர் சம்மதித்தார்.

சூடான ஒயிலோடு விளையாடக்கூடாது. கை பொறுக்கும் வெதுவெதுப்புக்கு ஆறும் வரை காத்திருந்து, காரை நான்கு தாங்கிகளில் சமமாக நிறுத்தி, வடிகால் போல்ட்டைத் திறந்தேன். பிறகு பானைச் சுற்றியிருந்த 10 மில்லிமீற்றர் போல்ட்களை. கடைசி இரண்டையும் பாதி தளர்த்தி, ஒரு மூலையை மெதுவாகச் சாய்த்தபோதே ஒன்று கண்ணில் பட்டது. விளிம்பைச் சுற்றிச் சிவப்புச் சிலிக்கன் பசை பிதுங்கி நின்றது. இந்தப் பெட்டிக்கு, பானுக்கும் பெட்டிக்கும் இடையில் கசியாமல் வைக்கும் கஸ்கெட் மட்டுமே போதும். சிலிக்கன் தேவையில்லை. ரீச்சர் வாங்குவதற்கு முன் யாரோ இதைத் திறந்திருக்கிறார்கள்.

பானுக்குள் காந்தங்கள் உண்டு. எல்லாவற்றின் மேலும் சாம்பல் நிறக் களி, முள்ளம்பன்றி மயிர்போலச் சிலிர்த்து நின்றது. ஒரு சிட்டிகை எடுத்து விரல்களுக்கிடையில் தேய்த்தேன். கண்மை போல வழுவழுப்பாக இருந்தது. மணல்போல நெருடவில்லை, எதுவும் குத்தவில்லை. நல்ல அடையாளம். இருபது வருடம் ஓடிய பெட்டியில் இரும்புத் தேய்மானம் இந்த அளவில் இருப்பது இயல்பு. பானின் அடியில் மிச்சமிருந்த ஒயிலைக் கைவிளக்கில் சாய்த்துப் பார்த்தேன். காந்தம் பிடிக்காத பொன்நிறத் துகள் மினுங்கினால் உள்ளே சுழலும் தண்டுகளைத் தாங்கும் புஷ்கள் தேய்கின்றன என்று பொருள். அப்படி எதுவும் இல்லை. கறுப்புப் புள்ளிகள் சில இருந்தன. கிளச் தட்டு உறையின் தேய்மானம் அது. கொஞ்சமாக இருந்தது, கவலைப்படும் அளவுக்கு இல்லை.

பிறகு பில்டர். மூன்று போல்ட்கள்தாம். கழற்றித் திருப்பிப் பார்த்தபோதுதான் இந்தக் காரின் கதை முழுதாக விளங்கியது. ஒயிலை உறிஞ்சும் வாயில் சிவப்புச் சிலிக்கன் சுருள் ஒன்று, ஏறத்தாழ என் சிறுவிரல் நீளம், குறுக்காக ஒட்டிக்கொண்டிருந்தது. வாயின் கிட்டத்தட்ட பாதியை அது மறைத்திருந்தது. அன்று அளவுக்கு மிஞ்சிப் பூசிய பசை உள்பக்கமாகப் பிதுங்கி, காய்ந்து, உடைந்து, பம்பின் இழுவையில் இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. காலையில் ஒயில் குளிர்ந்து தடிப்பாக இருக்கும். பாதி வாயால் அதை இழுத்து அழுத்தம் கட்டப் பம்புக்கு நேரம் பிடிக்கிறது. போதாததற்கு ஒயிலும் 600 மில்லிலீற்றர் குறைவு. கார் சும்மா நின்று "தொம்" என்று பிடித்ததில் வியப்பில்லை. அந்தச் சுருளை ரீச்சரின் உள்ளங்கையில் வைத்தேன். கொஞ்ச நேரம் எதுவும் பேசாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மெஷினால் ஒயிலை மட்டும் மாற்றியிருந்தால் இந்தச் சுருள் அங்கேயே இருந்திருக்கும்.

பானின் விளிம்பை இரு பக்கமும் பழைய பசை ஒரு துணுக்கும் இல்லாமல் சுத்தம் செய்ய ஒரு மணி நேரம் எடுத்தது. பெட்டியின் உடல் அலுமினியம். இரும்புச் சுரண்டியால் கீறினால் அந்தக் கீறல் வழியே காலம் முழுக்கக் கசியும். பிளாஸ்ரிக் சுரண்டியும் பொறுமையும்தான் ஆயுதம். முன்பு இறுக்கியவர் பலமாக இறுக்கியதில் போல்ட் துளைகளைச் சுற்றிப் பானின் தகடு உள்வாங்கியிருந்தது. மரக்கட்டையின் மேல் வைத்துச் சிறு சுத்தியலால் தட்டிச் சமப்படுத்தினேன். இந்தப் போல்ட்களுக்கு வேண்டிய இறுக்கம் ஏறத்தாழ 8 நியூற்றன் மீற்றர்தான். சிறு சாவியை இரண்டு விரலால் பிடித்து இறுக்குகிற பலம். கசிந்துவிடுமோ என்ற பயத்தில் முழுக் கையையும் கொடுத்தால் தகடு வளையும், அலுமினியப் புரி வழன்றுவிடும், கடைசியில் பயந்தபடியே கசியும்.

ஒயில் விடயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. இந்தக் காரின் அளவுக் கம்பியிலேயே எந்த ஒயில் என்று பொறித்திருக்கிறது: டைப் டி-4 (Type T-IV). கடையில், "அது பழசு, டபிள்யூ.எஸ். புதுசு, அதைவிட நல்லது" என்று எடுத்துக் கொடுக்கப் பார்த்தார்கள். டபிள்யூ.எஸ். இதைவிட நீர்த்த ஒயில். அதற்கென்று வடிவமைத்த பெட்டிகளுக்கு உரியது. ஒன்றுக்குப் பதில் மற்றதை ஊற்றக்கூடாது என்று டொயோட்டாவே சொல்கிறது. தேய்மானம் உள்ள பழைய பெட்டியில் நீர்த்த ஒயிலை ஊற்றுவது தேடிப்போய் வினை வாங்குவது. டி-4 கிடைக்கும் வரை கார் ஒரு நாள் தாங்கியிலேயே நின்றது.

வடிந்தது 3.3 லீற்றர். அதே அளவு ஊற்றி, 75 பாகையில் அளவுக் கம்பியைப் பார்த்து, சிறிது சேர்த்துக் கோட்டைச் சரிசெய்தேன். மறுபடி நேர அளவீடு: 'டி' 1.1, 'ஆர்' 1.3. இரண்டும் கையேட்டு எல்லைக்குள். மறுநாள் காலை, கார் இரவு முழுக்கக் குளிர்ந்த பிறகு ரீச்சரையே 'டி'யில் போடச் சொன்னேன். இடி இல்லை. காலைப் பிரேக்கிலிருந்து எடுத்ததும் கார் மெல்ல நகர்ந்தது. "இது என் கார்தானா?" என்றார்.

வேலை அத்தோடு முடியவில்லை. பெட்டி முழுவதும் ஏறத்தாழ ஆறரை லீற்றர் கொள்ளும். பானைக் கழற்றினாலும், இன்ஜினின் பலத்தை ஒயில் வழியே பெட்டிக்குக் கடத்தும் டோர்க் கன்வேட்டருக்குள் இருக்கும் ஒயில் வடியாது. ஆகவே முதல் தடவையில் பாதிதான் புது ஒயில். 500 கிலோமீற்றர் ஓடிய பிறகு வடிகால் போல்ட்டை மட்டும் திறந்து 3 லீற்றர் மாற்றினேன். பழையது கால் பங்குக்கு இறங்கியது. மேலும் ஆயிரம் கிலோமீற்றர் கழித்து இன்னொரு 3 லீற்றர். இப்போது பழையது ஏழில் ஒரு பங்கு. மூன்று தடவை வடித்த ஒயிலையும் மூன்று சோடாப் போத்தல்களில் எடுத்துச் சாளரத்தில் வரிசையாக வைத்தேன். கடும் சாயம், இளஞ்சாயம், செம்மை. விளக்கம் கேட்கும் வாடிக்கையாளர்களுக்கு இன்றும் அவற்றைத்தான் காட்டுகிறேன்.

121இல், இரு சக்கரங்களுக்கும் பலத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷலும் இதே ஒயிலில்தான் ஓடுகிறது. இன்னும் பழைய சில ஓட்டோ கொரோலாக்களில் டிஃபரென்ஷலுக்குத் தனி அறை, தனி வடிகால், தனி நிரப்பு வாய். அதைத் தெரியாமல் பெட்டியை மட்டும் மாற்றிவிட்டு அனுப்புவது இங்கே அடிக்கடி நடக்கிறது. அப்படிப்பட்ட கார் வைத்திருப்பவர்கள் கட்டாயம் கேட்டுத் தெளிய வேண்டும்.

கழிவு ஒயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. யாழ்ப்பாணத்தின் நிலத்தடி சுண்ணாம்புக் கல். மேலே ஊற்றுவது கீழே கிணற்றுக்குப் போகும். கழிவு எண்ணெய் கலந்து சுன்னாகத்துக் கிணறுகள் கெட்டதையும், ஊர்ச் சனம் குடத்தோடும் கானோடும் தண்ணீருக்கு அலைந்ததையும் இந்த மண்ணில் யாரும் மறக்க முடியாது. ரீச்சரின் காரிலிருந்து வடிந்த ஒன்பது லீற்றருக்கு மேற்பட்ட ஒயிலும் மூடிய கலனில்தான் இருக்கிறது, சேகரிப்பவர் வரும்போது போகும்.

இனி, தீராத பகுதி. சூடேறிய பிறகு இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது சுழற்சி ஏறியதே, அது பெருமளவு குறைந்தது. முற்றாகப் போகவில்லை. அக்ஸிலறேற்றரை மிக மென்மையாக மிதித்து ஓட்டினால், நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு, இன்னும் ஒரு சிறு தயக்கம் தெரிகிறது. வருடக்கணக்காகக் குறைந்த அழுத்தத்தில் வழுக்கிய கிளச் தட்டு கொஞ்சம் தேய்ந்துதான் இருக்கிறது. பானில் கண்ட கறுப்புப் புள்ளிகளும் அதைத்தான் சொல்லின. இதை ரீச்சரிடம் மறைக்கவில்லை. எத்தனை வருடம் தாங்கும் என்று அவர் கேட்டபோது எண் சொல்ல மறுத்தேன். சொன்னால் அது பொய்யாக இருக்கும். சூட்டைக் குறைத்தால் ஆயுள் கூடும் என்பதை மட்டும் உறுதியாகச் சொன்னேன். றேடியேற்றரின் முகத்தில் அடைத்திருந்த பூச்சியையும் தூசியையும் கழுவிக் கொடுத்தேன். பெரிய சுமையோடு கொழும்புக்குப் போவதைத் தவிர்க்கச் சொன்னேன். 40,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை வடித்து ஊற்றும்படி சொன்னேன். இந்த 40,000 என் கணக்கு. நம் வெயிலையும் நெரிசலையும் பார்த்து நான் வைத்திருக்கும் எல்லை அது.

எட்டு மாதம் கழித்து, 193,600 கிலோமீற்றரில் மறுபடி பார்த்தேன். அளவுக் கம்பியில் ஒயில் 'ஹொட்' பகுதியின் நடுவில், ஒரு சொட்டும் குறையாமல் நின்றது. நிறம் இன்னும் சிவப்பு. 'டி' 1.0, 'ஆர்' 1.3. மூன்றாம் கியரின் தயக்கம் அன்றிருந்த அளவிலேயே இருக்கிறது, கூடவில்லை. ரீச்சர் தம் கைப்பையிலிருந்து ஒரு பழைய கொப்பியை எடுத்து, தேதியையும் கிலோமீற்றரையும் இரண்டு நேர அளவுகளையும் தம் கையால் எழுதிக்கொண்டார். அதே பக்கத்தில், ஒட்டுநாடாவுக்கு அடியில், அந்தச் சிவப்புச் சிலிக்கன் சுருள் இருந்தது.